நான் ஏன் காரை விட்டு இறங்கவில்லை

திருவாரூர்
27 டிசம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். காகிதத்தில் உனக்கு எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது. நீ ஹாஸ்டலில் இருந்த காலத்தில் எழுதியதுதான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். திரையில் உன் முகம் வந்ததும் சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் தபால். படித்து முடித்த உடனே கூப்பிடாதே. ஒரு நாள் விட்டுக் கூப்பிடு.

பாப்பா பள்ளிக்கூடத்துக்கு ஏதோ எழுத வேண்டும் என்று என்னிடம் கேட்டாள் அல்லவா? ‘சின்ன வயதில் உனக்கு மறக்கவே முடியாத நாள் எது பாட்டி?’ ஊர்க் குளத்தில் வாழைத்தண்டைப் பிடித்துக்கொண்டு நீச்சல் கற்ற நாளைச் சொன்னேன். சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். அது நடந்ததுதான். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. கூடவே, வீட்டில் இருக்கிற பழைய பொருள் ஒன்றை அனுப்பச் சொன்னாள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

போன ஐப்பசியில் நான் அமெரிக்காவில் உன்னோடு இருந்தபோது நீ எங்களை மிசிசிப்பி மாநிலத்துக்குக் கூட்டிப் போனாய். மெம்பிஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் மேடு பள்ளமே இல்லாமல் நிலம் விரிந்தது, நம் கீழத்தஞ்சை மாதிரி. ‘இதையும் டெல்டா என்றுதான் சொல்வார்கள்மா, நெல்கூட விளையும்’ என்றாய். பருத்தி வெடித்து வயல் முழுக்க வெள்ளையாக நின்றது. எடுக்க ஒரு ஆள் இல்லை. வீடு உயரத்துக்கு ஒரு இயந்திரம் மட்டும் தூரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. கிரீன்வுட் தாண்டிப் பத்து மைல் போயிருப்போம். பலகையைப் பார்த்துப் பாப்பா ஊர்ப்பெயரைப் படித்தாள்: ‘மணி’.

யாரோ ஒரு செனட்டர் பெயராம், பணத்துக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் இல்லை என்று நீ விளக்கிக்கொண்டிருந்தாய். எனக்குப் பணமே ஞாபகம் வரவில்லை. காதில் விழுந்தது மணி. எனக்குத் தெரிந்த மணி வேறு ஊர்.

எம்மெட் டில் என்கிற கறுப்பினப் பையனின் கொலைக்குத் தொடக்கமான அந்தக் கடையின் முன்னால் காரை நிறுத்தினாய். கூரை போய்விட்டது. செங்கல் சுவர் மட்டும் மிச்சம், அதையும் கொடி மூடியிருந்தது. எதிரே தண்டவாளம். பக்கத்தில் இருந்த பழைய பெட்ரோல் பங்கைப் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்திருக்கிறார்கள். கடையை மட்டும் விழட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நீயும் பாப்பாவும் இறங்கிப் போய் விவரப் பலகையைப் படித்தீர்கள். நான் இறங்கவில்லை. வெயில் கண்ணைக் குத்துகிறது என்றேன். ஐப்பசி வெயில், அதுவும் திருவாரூர்க்காரிக்கு! நீ நம்பவில்லை. கேட்கவும் இல்லை. உன் அப்பாவின் குணம் அது.

போன வாரம்தான் கேட்டாய், ‘அன்றைக்கு ஏன்மா இறங்கவில்லை?’ என்று. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

காரில் நீ சொன்னதை வைத்துக்கொண்டு ஊருக்கு வந்த பிறகு நானாகத் தேடிப் படித்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள், சும்மா இருக்க முடியுமா? 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து அந்த ஊருக்கு விடுமுறைக்கு வந்த எம்மெட் டில்லுக்கு 14 வயது. சின்ன வயதில் வந்த போலியோவால் கொஞ்சம் திக்குவாய். தகப்பன் இல்லை, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. தெற்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அந்த அம்மா பாடம் நடத்தித்தான் அனுப்பியிருக்கிறார்: வெள்ளைக்காரர் எதிரே வந்தால் நடைபாதையை விட்டு இறங்கு, முகத்தைப் பார்க்காதே, மண்டியிட வேண்டி வந்தாலும் மண்டியிடு. அவன் வந்து தங்கியது பாட்டியின் சகோதரியைக் கட்டிய மோசஸ் ரைட் வீட்டில். நம் முறைப்படி தாத்தா. அவருக்கு 64 வயது. ஞாயிறானால் பிரசங்கம் செய்வார், மற்ற நாளில் பருத்தி போடுவார், வாரத்துக்கு.

வாரம் என்றால் உனக்குத் தெரியாது. உன் தலைமுறைக்கு அது திங்கள், செவ்வாய்தான். நிலம் ஒருவருடையது, பாடு இன்னொருவருடையது, விளைவதில் பங்கு. அங்கே பெரும்பாலும் சரிபாதி. ஆனால் விதை, உரம், பண்ணைக் கடையில் கடனுக்கு வாங்கிய மாவு, துணி, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்து, வருடக் கடைசியில் பங்கிலிருந்து கழிப்பார்கள். மிச்சம் என்று ஒன்று பெரும்பாலும் தேறாது. கடனோடு அடுத்த வருடம் தொடங்கும். எல்லாம் நோட்டை எழுதுகிறவன் கையில். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. உன் தாத்தா கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நீ சின்ன வயதில் எல்லாரிடமும் பெருமை பேசுவாய். அந்த முத்தெழுத்தில் அவர் எழுதியது பண்ணைக் கணக்கு.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன். ஆகஸ்ட் 24, புதன்கிழமை. சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் கடைக்குப் போனார்கள். கடையில் இருந்தது 21 வயது வெள்ளைக்காரப் பெண், கடைக்காரனின் மனைவி. எம்மெட் விசில் அடித்தான் என்று கூடப் போன பையன்களே சொன்னார்கள். அதற்கு மேல் அந்தப் பெண் கோர்ட்டில் சொன்னதை அவர்கள் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. ஒரு விசில், தம்பி.

ஆகஸ்ட் 28, ஞாயிறு, விடிவதற்கு முன்னால், இரண்டு இரண்டரை மணி. கடைக்காரன் ராய் பிரையண்டும் தாய் ஒன்று, தகப்பன் வேறான அவன் அண்ணன் மிலமும் துப்பாக்கியும் டார்ச்சுமாக வந்து கதவைத் தட்டினார்கள். வீடு முழுக்கப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டார்ச் முதலில் விழுந்தது வீலர் பார்க்கர் முகத்தில். அவனுக்கு 16 வயது, எம்மெட்டோடு சிகாகோவிலிருந்து வந்தவன். அவன் இல்லை என்று அடுத்த அறைக்குப் போனார்கள். அங்கே எம்மெட்டும் மோசஸின் மகன் சிமியோனும் ஒரே கட்டிலில் படுத்திருந்தார்கள். சிமியோனுக்கு 12 வயது. நம் பாப்பா வயது. மோசஸின் மனைவி, பணம் தருகிறேன், பையனை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். எம்மெட்டை உடுத்திக்கொள்ளச் சொன்னார்கள். விழித்துப் பார்த்த சிமியோனிடம் சொன்னார்கள்: படுத்துத் தூங்கு. மோசஸிடம் வயது கேட்டார்கள். 64 என்றார். எங்களை யாரென்று சொன்னால் 65ஐப் பார்க்க மாட்டாய் என்றார்கள். கார் போய்விட்டது.

‘படுத்துத் தூங்கு’ வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. 1968, டிசம்பர் 25, புதன்கிழமை. அரையாண்டு விடுமுறை. அப்பா, அதாவது உன் தாத்தா, வழக்கமாகக் களத்திலிருந்து வர ராத்திரி எட்டு எட்டரை ஆகும். அன்றைக்கு விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். கொஞ்சம் முன்பு சைக்கிளில் ஒரு ஆள் வந்து வேப்ப மரத்தடியில் அவரிடம் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். இரண்டே நிமிடம். அந்த ஆள் பேசினான், அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர் கால் கழுவவில்லை. சோறு வேண்டாம் என்றார். வாசல் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டு, கொல்லைக் கதவுக்கு உலக்கையை முட்டுக் கொடுத்தார். ‘லாந்தரை அணை. யார் கூப்பிட்டாலும் திறக்காதே’ என்று அம்மாவிடம் சொன்னார். நான் ‘என்னப்பா?’ என்று கேட்டேன்.

‘ஒன்றுமில்லை. படுத்துத் தூங்கு.’

தூங்கவில்லை. எந்தப் பிள்ளை தூங்கும்? மார்கழிப் பனி, போர்வைக்குள் அம்மா கை என் மேல். அப்பா முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு நேரத்தில் முற்றத்துக்கு மேலே வானம் ஒரு பக்கமாகச் சிவந்தது. நான் விடிகிறது என்று நினைத்தேன். அப்பாவும் அண்ணாந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நாலு மைலுக்கு அந்தப் பக்கம் கீழவெண்மணி. அங்கே வயலில் வேலை செய்தவர்கள் கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். அந்தச் சண்டை பல நாளாகப் புகைந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் மிராசுதார் தரப்பில் ஒரு ஆள் கொல்லப்பட்டிருந்தார். ராத்திரி மிராசுதார் ஆட்கள் சேரிக்குள் புகுந்தார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் ஒரு குடிசைக்குள் போய் ஒண்டிக்கொண்டார்கள். அதைக் கொளுத்தினார்கள். 44 பேர். இது உனக்குப் பாடமாகவோ மேடைப் பேச்சாகவோ தெரிந்திருக்கும். எனக்கு அது வானத்தின் ஒரு பக்கம்.

எங்கள் பண்ணை வேறு, எங்கள் ஊர் வேறு. உன் தாத்தா யாரையும் தொடவில்லை. அதை நான் சத்தியமாகச் சொல்வேன். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. என்ன நடக்கப் போகிறது என்று முழுதாகத் தெரிந்ததா, ஏதோ நடக்கும் என்று மட்டும் தெரிந்ததா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. உலக்கையை முட்டுக் கொடுக்கிற அளவுக்குத் தெரிந்திருந்தது.

மிசிசிப்பியில் நடந்ததற்குத் திரும்ப வருகிறேன். எம்மெட்டின் உடலை மூன்று நாள் கழித்துத் தல்லஹாச்சி ஆற்றில் மீன் பிடிக்கப் போன ஒரு பையன் பார்த்தான். பருத்தி அரவை ஆலையின் இரும்பு விசிறி, சுமார் 34 கிலோ எடை, முள்கம்பியால் கழுத்தில் கட்டியிருந்தது. விரலில் கிடந்த தகப்பனின் மோதிரத்தை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். அவசரமாக அங்கேயே புதைக்கப் பார்த்தார்கள். அந்த அம்மா விடவில்லை. மேமி டில் என்று பெயர். சிகாகோவுக்குக் கொண்டுவந்து, பெட்டியை மூடக் கூடாது, என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று எல்லாரும் பார்க்கட்டும் என்றார். பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். கறுப்பர்களின் ஜெட் பத்திரிகை படம் போட்டது. நான் அந்தப் படத்தை ஒரு முறை பார்த்தேன். நீ பாப்பாவுக்கு இப்போது காட்ட வேண்டாம்.

அந்தப் படம் எத்தனை பிள்ளைகளின் சிறுவயதை இரண்டாகப் பிளந்தது என்று நினைக்கிறாய்! அலபாமாவில் டிராய் என்கிற ஊர்ப்பக்கம் ஜான் லூயிஸ் என்று ஒரு பையன். அப்பா அம்மா வாரக்குடிகளாக இருந்து, 300 டாலர் சேர்த்து 110 ஏக்கர் வாங்கியவர்கள். அவன் கோழிகளுக்குப் பிரசங்கம் செய்து பழகியவன். எம்மெட் செத்தபோது அவனுக்கு 15 வயது. பெரியவனாகி, 1963இல் வாஷிங்டன் பேரணியில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே மேடையில் பேசினார். அந்தப் பேரணியும் ஆகஸ்ட் 28தான். அப்புறம் எம்.பி. ஆனார். 2020இல் சாகும் தறுவாயில் எழுதிய கடைசிக் கட்டுரையிலும் அந்தப் பையன் பெயரைத்தான் எழுதினார். 65 வருடம் கழித்து.

மணியில் இறங்காதவள், வழக்கு நடந்த சம்னரில் இறங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கோர்ட் கட்டடத்தை 1955இல் இருந்த மாதிரியே மறுபடி கட்டமைத்து வைத்திருக்கிறார்கள். வழக்கு நடந்த நாளில் அந்த ஊருக்கு ஒரு வாசகம் இருந்ததாம், ‘பையனை வளர்க்க நல்ல ஊர்’ என்று. நீ சொன்னபோது சிரித்துவிட்டேன், அப்புறம் வெட்கமாக இருந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நம்மைக் கூட்டிப் போனவர், மோசஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எப்படி எழுந்து நின்றார் என்று சொன்னார். அந்த நாளில், அந்த ஊரில், ஒரு கறுப்பர் வெள்ளைக்காரனைக் குற்றவாளி என்று கோர்ட்டில் காட்டுவது நடக்காத காரியம். அரசு வக்கீலே அவரை ‘அங்கிள் மோஸ்’ என்றுதான் கூப்பிட்டாராம். மிஸ்டர் கிடையாது. ராத்திரி வந்தவர் யார் என்று கேட்டார்கள். அவர் எழுந்து கையை நீட்டி, ‘அதோ இருக்கிறார்’ என்றார். நம் பாப்பா உடனே கூண்டுப் பக்கம் போய் நின்று, அதே மாதிரி கையை நீட்டிக் காட்டினாள். விளையாட்டாகத்தான். நீட்டிய விரல் நேராக என்னைப் பார்த்து இருந்தது. நீ போட்டோ எடுத்தாய். நான் கைக்குட்டையைத் தேடினேன்.

வெண்மணி நடந்த அந்த விடுமுறை முடிவதற்குள் எங்கள் வீட்டுக்கும் இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். அன்று சாயங்காலம் நம் ஊர்ப் பக்கம் யாராவது ஆள் திரட்டினார்களா, யாராவது வந்து போனார்களா என்று. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்பா சொன்னார்: ‘எனக்கு உடம்பு சரியில்லைங்க. சீக்கிரம் படுத்துட்டேன். ஒண்ணும் தெரியாது.’ அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார்கள். சைக்கிள் ஆளைப் பற்றி எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அதட்டவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து யாரிடமும் சொல்லவில்லை, உன் அப்பாவிடம்கூட.

வில்லி ரீட் என்று ஒருவரைப் பற்றி நீ சொல்லவில்லை, நானாகப் படித்தேன். அவருக்கு 18 வயது, அவரும் வாரக்குடிப் பிள்ளை. எம்மெட்டைத் தூக்கிப் போன அன்று காலையில் கடைக்கு நடந்து போகும்போது எம்மெட்டை ஒரு வண்டியின் பின்னால் பார்த்திருக்கிறார். அப்புறம் ஒரு கொட்டகைக்குள்ளிருந்து அடிக்கிற சத்தமும் அலறலும் கேட்டிருக்கிறது. மிலம் இடுப்பில் துப்பாக்கியோடு வெளியே வந்து, ஏதாவது கேட்டாயா என்றான். இல்லை என்றார். வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் மூன்று வாரம் கழித்துக் கோர்ட்டில் வந்து, கேட்டேன் என்று சொன்னார். குரல் எழும்பவில்லையாம், நீதிபதி சத்தமாகப் பேசச் சொல்ல வேண்டியிருந்ததாம். சொல்லிவிட்டு அன்றோடு ஊரைவிட்டுத் தப்பிச் சிகாகோ போனார். அங்கே மனம் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெயரை வில்லி லூயிஸ் என்று மாற்றிக்கொண்டு, ஒரு ஆஸ்பத்திரியிலேயே சிப்பந்தியாக வேலை பார்த்தார். கட்டிய மனைவிக்கே பல வருடம் சொல்லவில்லை. ராத்திரியில் தூக்கத்தில் அந்த அலறல் கேட்குமாம்.

சொல்லிவிட்டவருக்கே அப்படி. அதை வைத்து நான் உன் தாத்தாவுக்கு வக்காலத்து வாங்கலாம். பயம், குடும்பம், மூன்று பிள்ளைகள், பண்ணை வேலை. இதையெல்லாம் பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் மோசஸுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் தலைக்கு மேல் தொங்கிய கத்தி உன் தாத்தா தலைக்கு மேல் தொங்கவில்லை. சொல்லியிருந்தால் உன் தாத்தாவுக்கு வேலை போயிருக்கும், உயிர் போயிருக்காது. இதை எழுதவே எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

தீர்ப்பு உனக்குத் தெரியும். 12 வெள்ளைக்கார ஆண்கள், 67 நிமிடம். சோடா குடிக்க நிற்காமல் இருந்தால் அவ்வளவு நேரமும் ஆகியிருக்காது என்றாராம் ஜூரியில் ஒருவர். நாலு மாதத்தில் அந்த இரண்டு பேரும் ‘லுக்’ பத்திரிகையில் காசு வாங்கிக்கொண்டு, ஆமாம், நாங்கள்தான் கொன்றோம் என்றார்கள். ஒரு முறை விடுதலையானவர்கள் மேல் மறுபடி அதே வழக்குப் போட முடியாது. இங்கே வெண்மணி வழக்கில் கீழ்க்கோர்ட்டு மிராசுதார்களைத் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கிற அளவு வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். அப்பா அந்தச் செய்தியைத் திண்ணையில் உட்கார்ந்து பேப்பரில் படித்தார். மடித்து வைத்துவிட்டுக் களத்துக்குக் கிளம்பிப் போனார்.

இதற்கு மேல்தான் நான் உண்மையில் சொல்ல வந்தது.

எங்கள் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளவும், நெல் புடைக்கவும் ஒருவர் வருவார். அவருக்கு என் அம்மா வயது. நான் அவரைப் பேர் சொல்லி ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவேன், எட்டு வயதில். தப்பு என்று யாரும் சொன்னதில்லை. அவர் என்னைக் குட்டிம்மா என்பார். கொல்லைப்புறம் வரைக்கும்தான் வருவார், வாசல் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. வெண்மணியில் அவருக்குச் சொந்தம் இருந்தது. அந்த ராத்திரிக்குப் பிறகு மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் வந்தார். அன்றைக்கு வந்து நின்றது வாசலில். தலை கலைந்து, கண் எங்கோ பார்த்துக்கொண்டு இருந்தது. அம்மா ‘வா, பழையது இருக்கு’ என்றாள். அவர் அசையவில்லை. பாக்கிக் கூலியை வாங்கிப் போக வந்திருந்தார்.

அப்பா குதிரிலிருந்து நெல் அள்ளி அளந்தார். களத்தில் ஆகட்டும் வீட்டில் ஆகட்டும், முதல் படியை ஒன்று என்று எண்ண மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். அப்பா அன்றைக்கு வாய்விட்டு எண்ணவில்லை. கூலி முடிந்தது. அவர் விரித்துப் பிடித்திருந்த முந்தானையில் கொட்டினார். அப்புறம், யாரும் கேட்காமலே, உள்ளே போய் வீட்டு அரைப்படியை எடுத்துவந்து, தலை தட்டாமல் கும்பாரமாக ஒரு அரைப்படி நெல்லை அதன் மேல் போட்டார்.

அந்த அம்மா குனிந்து அதைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு முந்தானையை அப்படியே விட்டுவிட்டார். நெல் முழுவதும், அவர் பாடுபட்ட கூலியும் சேர்ந்து, வாசல் கோலத்தின் மேல் கொட்டியது. மார்கழிக் கோலம், நடுவில் பூசணிப்பூ. திரும்பி நடந்து போனார். அப்பா அரைப்படியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா நெல்லை அள்ளவில்லை, ‘நீ அள்ளுடி’ என்று என்னிடம் முறத்தைக் கொடுத்தாள். நான் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினேன். கோலமாவும் சேர்ந்து வந்தது. அதை மறுபடி குதிருக்குள்தான் கொட்டினோம். அதையும் சேர்த்துத்தான் சாப்பிட்டிருப்போம்.

அவர் அப்புறம் வரவில்லை. வேறு ஆள் வைத்தோம்.

நீ உன் தாத்தாவை எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆழித்தேர் பார்க்க உன்னைத் தோளில் தூக்கிப் போனவர். வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். அவர் செத்தபோது உனக்குப் பத்து வயது, மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாய். அதெல்லாம் உண்மை. இதை எழுதுவதால் அது ஒன்றும் இல்லாமல் போகாது. அவர் பண்ணை வேலையை விட்டுவிட்டார், மனம் மாறினார் என்று உனக்கு எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. இன்னும் பல வருடம் அதே கணக்கை எழுதினார். அந்தச் சம்பளத்தில்தான் என் பள்ளிக்கூடம், என் டீச்சர் டிரெய்னிங். நீ மெம்பிஸில் உட்கார்ந்திருப்பதற்கும் அந்த நோட்டுக்கும் தூரம் அதிகமில்லை.

முப்பது வருடம் இந்த மாவட்டத்தில் பாடம் நடத்தினேன். வெண்மணிப் பக்கத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. டிசம்பர் 25 என்றால் செங்கொடி கட்டிக்கொண்டு வேன் வேனாக ஆட்கள் போவார்கள். நான் அன்றைக்கு வீட்டில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். பரண் சுத்தம் செய்வேன், ஊறுகாய் போடுவேன். இந்த வருடம் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். கீழ்வேளூர்ப் பக்கம் போகிற பஸ் இரண்டு வந்தது. ஏறவில்லை. அங்கே போய் நின்றால் யாராவது ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று கேட்பார்கள். மணியில் காரைவிட்டு இறங்கினாலும் யாராவது கேட்பார்கள் என்றுதான் அன்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான், அந்தக் காட்டில் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? இரண்டு பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சிமியோன் ரைட் சிகாகோவில் குழாய் வேலை பார்த்துக் காலம் தள்ளியிருக்கிறார். வயதான பிறகுதான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், அந்தக் கட்டிலில் என்ன நடந்தது என்று பேசினார். 2017இல் இறந்தார். அவருக்கு அந்த ராத்திரியைச் சொல்ல உரிமை இருந்தது. எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இழந்தவர்கள் வேறு, நான் தாழ்ப்பாளுக்கு உள்ளே இருந்தவள். ஆனால் உள்ளே இருந்தவர்கள் யாரும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்கிறார்கள், அதுவும் சரியாகப் படவில்லை.

பாப்பாவிடம் எவ்வளவு சொல்வது என்பதை நீயும் மருமகளும் பேசி முடிவு செய்யுங்கள். நீச்சல் கதையைத்தான் அவள் கொடுத்துவிட்டாள் என்றால் இருக்கட்டும், அதை மாற்ற வேண்டாம். வேறொரு நாள் என்னிடமே கேட்கட்டும், சொல்கிறேன்.

அவள் கேட்ட பழைய பொருள். தாத்தாவின் பித்தளை அரைப்படி பரணில்தான் கிடந்தது. இறக்கி, புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். அடியில் கொஞ்சம் நசுங்கல், மற்றபடி நன்றாக இருக்கிறது. பார்சல் ஆபீசில் எடை போட்டுப் பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும் அது வேண்டும் என்றால் சொல், அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பழைய பாத்திரக்காரன் வாசலில் வந்தான், அவனிடம் போட மனம் வரவில்லை. இப்போதைக்கு அடுப்படி ஜன்னலில் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா